புலம்பெயர் உழைப்பாளர் புனைவில் நட்பும் தனிமையும்

பிழைப்புக்காகச் சொந்த மண்ணை விட்டுச் சென்ற உழைப்பாளரின் நட்பையும் தனிமையையும் தமிழ்ப் புனைவு எவ்வாறு காட்டியிருக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி', ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' ஆகியவை முதன்மையாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒப்பீட்டுக்காக அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கின் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்', மலையாள எழுத்தாளர் பென்யாமினின் 'ஆடு ஜீவிதம்' ஆகிய நாவல்களும் பேசப்படுகின்றன.

சபுராளி என்னும் சொல்

காவிரிப் படுகையின் முஸ்லிம் ஊர்களில் கடல் கடந்து பிழைக்கச் சென்றவரைச் 'சபுராளி' என்பார்கள். பயணத்தைக் குறிக்கும் 'சபர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது இது. திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் இடையில் உள்ள கூத்தாநல்லூர் இச்சொல்லை நன்கு அறிந்த ஊர். மலேயா, சிங்கப்பூர், பின்னர் வளைகுடா நாடுகள் என்று பல தலைமுறைகளாக அவ்வூரின் ஆண்கள் வெளியே சென்று பொருள் ஈட்டியிருக்கிறார்கள். சுற்றிலும் நெல் வயல்கள் இருக்க, ஊரின் பெரிய வீடுகள் பலவும் கடல் கடந்த வருமானத்தில் எழுந்தவை.

'சபுராளி' என்ற சொல்லில் ஒரு நுட்பம் உண்டு. பயணம் முடிந்து வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்த பிறகும் அவர் சபுராளிதான். எத்தனை ஆண்டுகள் ஒரே இடத்தில் வேலை பார்த்தாலும் அங்கே அவர் குடியிருப்பவர் ஆகிவிடுவதில்லை. இந்த இரண்டுங்கெட்டான் நிலையே புலம்பெயர் புனைவின் மூலப்பொருள்.

அதே படுகையிலிருந்து வேறொரு கூட்டமும் சென்றது. நிலமற்ற உழவுத் தொழிலாளர்கள் கங்காணிகள் வழியாக நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குப் போனார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து ஆட்கள் சென்றனர். மலேயாவுக்கு உதவித்தொகையுடன் தொழிலாளர் செல்வதை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. இலங்கைக்குச் செல்வதற்கான தடை 1939இல் வந்தது. கடைச் சிப்பந்தியாகப் போனவரும் தோட்டக் கூலியாகப் போனவரும் ஒரே கப்பலில் சென்றிருக்கலாம். ஆனால் இலக்கியத்தில் அவர்கள் ஒரே இடத்தைப் பெறவில்லை.

ஸ்டைன்பெக்கின் பண்ணை

அமெரிக்காவில் 1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருவீழ்ச்சியின் போது வேலை தேடி அலைந்த பண்ணைக் கூலிகளின் கதை 'ஆஃப் மைஸ் அண்ட் மென்'. 1937இல் வெளிவந்த இந்தக் குறுநாவல் கலிபோர்னியாவின் சொலெடாட் என்னும் ஊருக்கு அருகில் நிகழ்கிறது. ஸ்பானிய மொழியில் அந்த ஊர்ப்பெயருக்குத் தனிமை என்றே பொருள். 1902இல் அதே வட்டாரத்தின் சலினாஸ் நகரில் பிறந்த ஸ்டைன்பெக், இளமையில் பண்ணைகளில் வேலை பார்த்தவர். 1962இல் நோபல் பரிசு பெற்றார்.

ஜார்ஜ், லென்னி என்ற இருவர் சேர்ந்தே வேலை தேடிச் செல்கிறார்கள். லென்னி மிகுந்த உடல் வலிமையும் குழந்தை மனமும் கொண்டவன். சொந்தமாகச் சிறு நிலம் வாங்கி, முயல் வளர்த்து, யாருக்கும் கட்டுப்படாமல் வாழ வேண்டும் என்பது அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளும் கனவு. பண்ணையில் ஒரு கையை இழந்த முதியவர் கேண்டி தம் சேமிப்போடு அந்தக் கனவில் சேர விரும்புகிறார். குதிரை லாயத்தை ஒட்டிய அறையில் ஒதுக்கி வைக்கப்பட்ட கறுப்பினத் தொழிலாளி க்ரூக்ஸும் ஒரு மாலை நேரத்துக்கு அதை நம்பிப் பார்க்கிறான். பண்ணை முதலாளியின் மருமகளும் பேச ஆளின்றித் தவிக்கிறாள். அவளுக்கு நாவலில் பெயரே கிடையாது. முடிவில், கும்பலின் கையில் சிக்கி வதைபடாமல் இருக்க, ஜார்ஜே தன் நண்பனைச் சுட்டுக் கொல்ல வேண்டியதாகிறது.

இந்நாவலிலிருந்து திறனாய்வுக்கு உதவும் மூன்று கேள்விகளைப் பெறலாம். நண்பர்களை இணைப்பது எது? அந்த நட்பின் அறைக்கு வெளியே நிற்பவர் யார்? நண்பனை இழந்தபின் எஞ்சுவது என்ன? இக்கேள்விகளைத் தமிழ்ப் புனைவிடம் கேட்டால் வேறுபட்ட விடைகள் கிடைக்கின்றன.

லயமும் கிட்டங்கியும்

விடைகள் வேறுபடுவதற்கு முதற்காரணம் வாழ்விடத்தின் அமைப்பு. ஸ்டைன்பெக்கின் கூலிகள் தனித்தனி ஆண்களாக வருகிறார்கள். ஒரே கொட்டகையில் படுக்கிறார்கள். மாதக் கூலியைப் பட்டணத்தில் செலவழித்துவிட்டு அடுத்த பண்ணைக்குப் போகிறார்கள். அங்கே இருவர் சேர்ந்து திரிவதே மற்றவர்களுக்கு வியப்பாக இருக்கிறது.

தமிழ்த் தோட்டத் தொழிலாளர் பெரும்பாலும் அப்படிச் செல்லவில்லை. கங்காணி தன் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் தன் உறவு, சாதி வட்டத்திலும் ஆள் திரட்டினார். மலேயாவில் தொடக்கக் காலத்தில் ஆண்களே மிகுதியாக இருந்தபோதும், இலங்கைத் தோட்டங்களில் குடும்பம் குடும்பமாகவே லயங்களில் குடியேறினார்கள். எனவே அங்கே ஒருவருக்கு முன்பின் அறியாத அயலாரைவிட ஊர்க்காரரே மிகுதி. நட்பு என்ற உறவு தோன்றுவதற்கு முன்பே மாமன், மச்சான், பங்காளி என்ற உறவுகள் அந்த இடத்தை நிரப்பிவிடுகின்றன. அவற்றோடு பழைய ஊரின் மேல், கீழ் வரிசையும் கப்பலேறி வந்துவிடுகிறது.

வணிகத்துக்காகச் சென்றவர்களின் நிலை வேறு. நகரத்தார் வட்டிக்கடைகளில் வேலை பார்த்தவர்கள் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுக் கிட்டங்கியில் தங்கினார்கள். கிட்டங்கி என்பது நீண்ட கூடம். பல கடைகளின் பெட்டிகள் அதில் வரிசையாக இருக்கும். பகலில் கணக்கு எழுதும் இடமே இரவில் படுக்கும் இடம். பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று பதவி ஏறிச் செல்லும். பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை முடிந்தபின்தான் ஊர் திரும்பலாம். ஸ்டைன்பெக்கின் கூலிக் கொட்டகைக்குத் தமிழ் வாழ்வில் மிக நெருங்கிய இணை லயம் அன்று, கிட்டங்கிதான். தமிழின் மிகச் சிறந்த நட்புச் சித்திரங்கள் கிட்டங்கியை அறிந்த எழுத்தாளரிடமிருந்து வந்தது தற்செயல் அல்ல.

துன்பக்கேணி: துணையற்ற தனிமை

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1935இல் 'மணிக்கொடி' இதழில் வெளிவந்தது. ஸ்டைன்பெக்கின் குறுநாவலுக்கு இரண்டாண்டு முந்தையது. திருநெல்வேலிச் சீமையின் வாசவன்பட்டியைச் சேர்ந்த மருதி, கணவன் சிறைப்பட்ட நிலையில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். அங்கே அதிகாரத்தில் உள்ளவர்களின் இச்சைக்கு இரையாகி உடல் நலிகிறாள்.

இக்கதையில் மருதியின் துயரம் முழுமையாகப் பதிவாகியிருக்கிறது. ஆனால் நிலைத்து நிற்கும் நட்பு என்று எதுவும் அவளுக்கு அமைவதில்லை. இதைக் கதையின் குறை என்றும் சொல்லலாம், அறிக்கை என்றும் சொல்லலாம். நாள் முழுவதும் உழைத்து, இரவில் கதவைத் தாழிட்டும் அஞ்ச வேண்டிய வாழ்க்கையில் நட்புக்கு ஓய்வு வேண்டும், பாதுகாப்பு வேண்டும். இரண்டும் அவளுக்கு மறுக்கப்பட்டன. ஸ்டைன்பெக்கின் ஆண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை லாட விளையாட்டாவது இருந்தது. மருதிக்கு அதுவும் இல்லை. அவ்வகையில் 'துன்பக்கேணி' தனிமையின் அடித்தளத்தைக் காட்டுகிறது. நட்பு மனத்தின் குணம் மட்டுமன்று, அதற்கு ஒரு குறைந்தபட்சப் பொருளியல் ஏற்பாடும் தேவை என்பதை அது மறைமுகமாகச் சொல்கிறது.

பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்த நாவல் இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வந்தது. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர் டேனியல். கருப்பன், வள்ளி தம்பதி முன்பணத்துக்கு ஆசைப்பட்டு மலையேறிக் கடனில் சிக்குவதை அது விவரிக்கிறது. அங்கும் துணை என்பது கணவன் மனைவி என்ற வட்டத்துக்குள்ளேயே பெரிதும் நிற்கிறது. தோட்டத் தொழிலாளரைப் பாதிக்கப்பட்டவராகக் காட்டிய அளவுக்கு, ஒருவரோடொருவர் சிரித்துப் பேசும் மனிதராகக் காட்டத் தமிழில் படிக்கக் கிடைக்கும் புகழ்பெற்ற புனைவுகள் தயங்கியிருக்கின்றன.

ப. சிங்காரம்: பேச்சே நட்பு

ப. சிங்காரம் (1920–1997) சிவகங்கைச் சீமையின் சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938இல் சுமத்ராவின் மேடான் நகருக்குக் கடை வேலைக்குச் சென்றார். போருக்குப் பின் 1946இல் தமிழகம் திரும்பி மதுரையில் 'தினத்தந்தி' நாளிதழில் பணியாற்றினார். 'கடலுக்கு அப்பால்' 1959இலும், பல ஆண்டுகள் பதிப்பாளர் கிடைக்காமல் காத்திருந்த 'புயலிலே ஒரு தோணி' 1972இலும் வெளிவந்தன.

'கடலுக்கு அப்பால்' நாவலின் செல்லையா பினாங்கில் வயிரமுத்துப் பிள்ளையின் கடையில் வேலை பார்ப்பவன். இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து போரிட்டுத் திரும்புகிறான். பிள்ளையின் மகள் மரகதமும் அவனும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். துப்பாக்கி பிடித்த கை இனி வட்டிக்கடைக் கணக்குக்கு உதவாது என்று பிள்ளை கருதுகிறார். மரகதம் வேறொருவனுக்கு மணமாகிறாள். செல்லையாவைத் தேற்ற எஞ்சியிருப்பவன் நண்பன் மாணிக்கம் மட்டுமே. மாணிக்கம் பொய்யான நம்பிக்கை எதையும் தருவதில்லை. இழப்பை இழப்பாகவே ஏற்றுக்கொள்ளும்படி பேசுகிறான்.

இங்கேதான் ஸ்டைன்பெக்கிடமிருந்து சிங்காரம் விலகுகிறார். ஜார்ஜும் லென்னியும் ஓர் எதிர்காலத்தால் இணைக்கப்பட்டவர்கள். நிலம் கிடைக்காது என்றானதும் நட்பும் நிற்க முடியாமல் போகிறது. மாணிக்கத்துக்கும் செல்லையாவுக்கும் பொதுவான எதிர்காலத் திட்டம் ஏதும் இல்லை. அவர்களை இணைப்பது மொழி. ஒருவன் சொல்வதை மற்றவன் முழுமையாகப் புரிந்துகொள்வான் என்ற உறுதி.

'புயலிலே ஒரு தோணி' இதை மேலும் விரிவாக்குகிறது. நாயகன் பாண்டியன் ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மேடானிலிருந்து தோணியில் பினாங்குக்குச் செல்கிறான். அங்கே நண்பர்கள் மதுக்கிண்ணத்தோடு கூடி உட்கார்ந்து தமிழரின் வரலாறு, இலக்கியம், மன்னர் பெருமை என்று நெடுநேரம் வாதிடுகிறார்கள். புகழ்ந்தவற்றையெல்லாம் கேலியும் செய்கிறார்கள். இப்பகுதிகள் நாவலின் ஓட்டத்தைத் தடுக்கின்றன என்ற குறை சொல்லப்படுவதுண்டு. அவற்றைத் தனிமைக்கு எதிரான செயலாகப் படித்தால் அவற்றின் இடம் விளங்கும். பகல் முழுவதும் மலாயும் சீனமும் ஜப்பானியமும் ஒலிக்கும் அயல்நகரில், தாய்மொழியில் சண்டையிட ஆள் கிடைப்பதே பெரிய உறவு. சண்டையிட ஊரில் எத்தனையோ பேர் உண்டு. வெளியூரில் அப்படி ஒருவர் வாய்ப்பது அரிது. நிலம் வாங்கும் கனவு ஜார்ஜுக்கும் லென்னிக்கும் செய்த வேலையை இங்கே இந்த வாதங்கள் செய்கின்றன.

பாண்டியனின் தனிமை இதற்கு அப்பாலும் நீள்கிறது. சொந்த ஊர்ச் சந்தையும் மதுரைத் தெருக்களும் அவன் நினைவில் ஓயாமல் எழுகின்றன. இந்தோனேசிய விடுதலைப் போரில் டச்சுப் படையை எதிர்த்துப் போரிட்டு, ஊர் திரும்ப எண்ணும் தறுவாயில் சுடப்பட்டு இறக்கிறான். ஊர் என்பது ஜார்ஜின் நிலத்தைப் போலவே கைக்கெட்டாத ஒன்றாகிவிடுகிறது. வேறுபாடு ஒன்றுதான்: அமெரிக்கக் கூலியின் கனவு முன்னே இருக்கிறது, தமிழ்ச் சபுராளியின் கனவு பின்னே இருக்கிறது.

சிங்காரத்தின் சொந்த வாழ்வும் இத்துடன் எண்ணத்தக்கது. நாடு திரும்பிய பின் அவர் குடும்பமின்றி மதுரையில் ஒரு விடுதியில் நெடுங்காலம் தனியாக வாழ்ந்தார். திரும்பி வந்தால் தனிமை தீர்ந்துவிடும் என்பது சபுராளியின் நம்பிக்கை. அது எல்லாருக்கும் நிறைவேறுவதில்லை.

அறைக்கு வெளியே நிற்பவர்கள்

சிங்காரத்தின் நண்பர் குழாம் எவ்வளவு உயிர்ப்புடையதாயினும் அதற்கு எல்லைகள் உண்டு. அதில் பேசுவோர் படிப்பறிவும் கடை அனுபவமும் உள்ள ஆண்கள். தோட்டக் கூலிகள் நாவலின் ஓரத்திலேயே நிற்கிறார்கள். பெண்கள் அந்த மேசையில் அமர்ந்து வாதிடுவதில்லை. ஸ்டைன்பெக்கின் நாவலில் க்ரூக்ஸுக்குத் தனி அறை ஒதுக்கப்பட்டதைப் படிக்கும் தமிழ் மாணவருக்கு, ஊரின் கடைசியில் ஒதுக்கப்பட்ட தெருக்கள் நினைவுக்கு வரவேண்டும். ஸ்டைன்பெக் ஒரு முழு அத்தியாயத்தை அந்த ஒதுக்கப்பட்ட அறைக்குள்ளேயே நடத்துகிறார். நட்பைப் பற்றிய நாவல், நட்பு மறுக்கப்பட்டவனின் அறைக்குள் சென்று உட்கார்கிறது. சிங்காரம் இதைச் செய்யவில்லை. அவருடைய ஆற்றலைக் குறைத்து மதிப்பிடாமலே இக்குறையைச் சுட்டலாம்.

ஊரில் தங்கிவிட்ட பெண்களும் அறைக்கு வெளியே நிற்பவர்களே. கூத்தாநல்லூர் போன்ற ஊர்களில் சபரின் பாதிச் செலவை அவர்களே ஏற்றார்கள். திருமணமாகிச் சில மாதங்களில் கணவர் கப்பலேறுவதும், பிள்ளை பேசத் தொடங்கியபின் தந்தையை முதன்முறை பார்ப்பதும் இவ்வூர்களுக்குப் புதிதல்ல. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) ஆண்கள் வெளிநாடு சென்றுவிட்ட வீடுகளின் உட்பக்கத்தைக் காட்டுகிறது. அங்கே பெண்கள் ஒருவருக்கொருவர் துணையாகிறார்கள். சில வேளை காவலாகவும் ஆகிறார்கள். ஸ்டைன்பெக் பெயர் கொடுக்காமல் விட்ட பெண்ணுக்குத் தமிழில் பெயரும் குரலும் கிடைத்த இடம் இது. கேரளத்தில் 1970களில் எஸ். ஏ. ஜமீல் பாடிப் புகழ்பெற்ற துபாய்க் கடிதப் பாடலும் மனைவி கணவனுக்கு எழுதும் மடலாகவே அமைந்தது.

வளைகுடாவின் தனிமை

வளைகுடாப் பயணம் தனிமையின் வடிவத்தை மாற்றியது. விமானம் சில மணி நேரத்தில் கொண்டு சேர்த்தாலும், ஒப்பந்தமும் விசாவும் அனுமதிக்கும்போதுதான் திரும்ப முடியும். குறைந்த ஊதியத்தவர் குடும்பத்தை அழைத்துச் செல்ல இயலாது. ஒரே அறையில் அடுக்குக் கட்டில்களில் பல ஊர்க்காரர் தங்குகிறார்கள். கிட்டங்கியின் கூடம் மறுபடி வந்துவிட்டது என்று சொல்லலாம்.

பென்யாமினின் 'ஆடு ஜீவிதம்' (2008) தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. சவூதிப் பாலைவனத்தில் ஆடு மேய்க்கும் அடிமை நிலையில் சிக்கிய நஜீபின் கதை அது. உடன் வந்த ஹக்கீம் பக்கத்துத் தொழுவத்தில்தான் இருக்கிறான். ஆனால் இருவரும் சந்திக்க அனுமதி இல்லை. பேச ஆளின்றி நஜீப் ஆடுகளுக்கு ஊர் மனிதர்களின் பெயர்களைச் சூட்டிப் பேசுகிறான். சிங்காரம் காட்டிய உண்மையை இது எதிர்த்திசையிலிருந்து உறுதி செய்கிறது: கூலியையும் உணவையும் இழந்தவன் கூடப் பேச்சை இழக்கச் சம்மதிப்பதில்லை.

தமிழில் நாகூரைச் சேர்ந்த ஆபிதீனின் சிறுகதைகள் வளைகுடாச் சபுராளியின் வாழ்வை எள்ளலோடு சொல்கின்றன. காவிரிப் படுகை முஸ்லிம்களின் பேச்சுமொழி அவற்றில் இயல்பாக வருகிறது. துயரத்தை அழுகையாக்காமல் சிரிப்பாக்குவது ஒரு தப்பித்தல் அன்று. அறையில் பத்துப் பேர் இருக்கும்போது ஒருவன் அழுதால் மற்றவர்களும் உடைந்துவிடுவார்கள். ஆகவே கிண்டல் அங்கே ஒரு நாகரிகம்.

மதிப்பீடு

தொடக்கத்தில் எழுப்பிய மூன்று கேள்விகளுக்கும் இப்போது விடை கூறலாம். தமிழ்ப் புனைவில் நண்பர்களை இணைப்பது பொதுக்கனவைவிடப் பொதுமொழியும் பொது நினைவும்தான். அறைக்கு வெளியே நிற்பவர் தோட்டக் கூலியும் பெண்ணும். நண்பனை இழந்தபின் எஞ்சுவது ஊர் நினைவு, அதுவும் திரும்ப முடியாத ஊரின் நினைவு.

இதிலிருந்து ஒரு வரம்பும் புலனாகிறது. மொழியும் ஊரும் மட்டுமே நட்புக்கு அடிப்படை என்றால், அவை பொதுவாக இல்லாத மனிதர் என்றும் அயலாராகவே இருப்பார். ஸ்டைன்பெக்கின் ஜார்ஜும் கேண்டியும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஓர் இரவில் சேர்ந்து கணக்குப் போட்டுப் பங்காளிகள் ஆகிறார்கள். பொது நினைவு இல்லாதவர்களும் பொதுத் தேவையால் நண்பர்கள் ஆகலாம் என்ற அந்தச் சாத்தியத்தைத் தமிழ்ப் புனைவு போதிய அளவு எழுதிப் பார்க்கவில்லை.

இன்று இது வெறும் இலக்கியக் கேள்வி அல்ல. ஒரு காலத்தில் ஆட்களை அனுப்பிய காவிரிப் படுகையில் இப்போது வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் குழுக்களாக நடவு செய்கிறார்கள். நடவு முடிந்ததும் அடுத்த ஊருக்குப் போகிறார்கள். மாலையில் வரப்பில் உட்கார்ந்து கைப்பேசியில் தம் மொழியில் வீட்டாரோடு பேசுகிறார்கள். பினாங்கிலும் மேடானிலும் தமிழர் இருந்த அதே நிலை இது. சபுராளியின் ஊரில் வந்திறங்கியிருக்கும் இந்தச் சபுராளிகளுக்குத் தமிழ்ப் புனைவில் இன்னும் உரிய இடம் அமையவில்லை. சிங்காரத்தைப் படித்துப் பாண்டியனுக்காக வருந்தும் வாசகர், வரப்பில் இருப்பவரையும் அதே கண்ணோடு பார்க்கக் கற்றுக்கொண்டால்தான் அந்த வாசிப்பு முழுமை பெறும்.